வெள்ளைத் துணியில் மஞ்சள் புள்ளி: கல்லீரல் அறுவையில் பித்தக் கசிவைத் தடுப்பது பற்றி

மூன்றாம் நாள் வரை எல்லாம் சரியாகவே இருந்தது. வயிற்றின் ஓரத்தில் வைத்திருந்த வடிகுழாயின் பையில் வெளிர் சிவப்பாகக் கொஞ்சம் நீர் சேர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை. நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். நான்காம் நாள் காலை கட்டிலருகே போனபோது பையில் இருந்தது அடர் மஞ்சள், லேசாகப் பச்சை கலந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்: "டாக்டர், நேத்து ராத்திரியிலிருந்து கலர் மாறியிருக்கு. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை. பையிலிருந்த நீரையும் அவருடைய ரத்தத்தையும் பிலிருபின் (பித்தத்தின் மஞ்சள் நிறமி) பரிசோதனைக்கு அனுப்பினேன். ரத்தத்தில் 1.2, பையில் 18. கணக்கே போட வேண்டியதில்லை, பித்தக் கசிவுதான்.

பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் அவருக்குக் கல்லீரலின் நடுப்பகுதிக்குப் பரவியிருந்தது. கல்லீரலை நாங்கள் எண்ணிட்டுப் பிரிக்கும் எட்டு செக்மென்ட்களில் (பகுதிகளில்) 4, 5, 8 ஆகிய மூன்றை எடுத்தோம். ரத்த இழப்பு குறைவு. கடைசியில் கசிவுச் சோதனையும் செய்தோம், ஒரு சொட்டுகூடத் தெரியவில்லை. நிம்மதியாக வயிற்றை மூடினேன். ரத்தம் கொட்டிய, நேரம் இழுத்த அறுவைகள் பல செய்திருக்கிறேன். அவற்றைவிட, சுத்தமாக முடிந்தது என்று நம்பி நான் வெளியே வந்த இந்த ஓர் அறுவைதான் பித்தக் கசிவைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. இத்துறைக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கும், இந்த அறுவைக்குத் தயாராகும் நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில், கசிவு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல், சிலருக்கு ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அது நூல் போன்ற நாளங்களில் தொடங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, வலது இடது நாளங்களாகி, கடைசியில் ஒரே குழாயாகச் சிறுகுடலுக்கு வருகிறது. கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும்போது அந்த வலையை நடுவில் அறுக்கிறோம். வெட்டுப்பரப்பில் எத்தனையோ நாளங்களின் வாய் திறந்து நிற்கும். ரத்தக்குழாய் திறந்திருந்தால் உடனே ரத்தம் பீறிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பித்தநாளம் அப்படியில்லை. அதில் அழுத்தம் குறைவு, ஓட்டம் மெதுவானது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருந்துவிட்டு, வயிற்றை மூடிய பிறகு சொட்டத் தொடங்கும்.

வயிற்றுக்குள் தேங்கும் பித்தத்தில் கிருமி சேர்ந்தால் சீழ்க்கட்டி வரும். மீதமிருக்கும் கல்லீரல் வளர வேண்டிய நாள்களில் அந்தத் தொற்று வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கும். மீதிக் கல்லீரல் சிறியதாக இருந்தால் ஒரு சாதாரணக் கசிவே கல்லீரல் செயலிழப்பு வரை கொண்டுபோய்விடலாம். புற்றுநோய் நோயாளிக்கு இன்னொரு இழப்பும் உண்டு. கசிவு நிற்கும் வரை கீமோ தள்ளிப் போகும்.

எதைக் கசிவு என்று சொல்வது என்பதில் ஒரு காலம் வரை மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு இருந்தது. 2011இல் கல்லீரல் அறுவைக்கான பன்னாட்டு ஆய்வுக் குழு ஒரு வரையறை தந்தது: மூன்றாம் நாளிலோ அதன் பிறகோ, வடிகுழாய் நீரின் பிலிருபின் ரத்தத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது கசிவு. தேங்கிய பித்தத்துக்காகத் தோல் வழியாக வடிகுழாய் வைக்கவோ மறுபடி வயிற்றைத் திறக்கவோ நேர்ந்தாலும் கசிவுதான். கசிவை ஏ, பி, சி என்று மூன்று நிலையாகவும் பிரித்தது. சிகிச்சையில் பெரிய மாற்றம் தேவைப்படாதது ஏ. ஸ்டென்ட் (நாளத்துக்குள் வைக்கும் சிறு குழாய்), வடிகுழாய் போன்ற தலையீடு தேவைப்பட்டால், அல்லது ஏ நிலைக் கசிவு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் பி. மறுபடி அறுவை செய்ய நேர்ந்தால் சி.

என் நோயாளிக்கு வருகிறேன். நாளுக்கு 150 முதல் 200 மில்லி வரை வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் பொறுத்தேன், குறையவில்லை. வாய் வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி ஈஆர்சிபி (பித்தக்குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கும் முறை) செய்தோம். பித்தக்குழாய் சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை உண்டு. அங்கே ஸ்டென்ட் வைத்தால் குழாயின் உள்ளழுத்தம் குறைந்து, பித்தம் ஓட்டை வழியே போவதை விட்டுக் குடலுக்கே போய்விடும். பெரும்பாலான கசிவுகள் இப்படி நின்றுவிடும். இவருக்குச் சாயம் செலுத்தியபோது ஓட்டையே தெரியவில்லை. எல்லா நாளங்களும் ஒழுங்காக நிரம்பின. ஸ்டென்ட் வைத்தும் பைக்கு வந்த அளவில் ஒரு சொட்டு மாற்றமில்லை.

பிறகு வடிகுழாய் வழியாகவே சாயத்தைச் செலுத்திப் பார்த்தோம். அப்போதுதான் தெரிந்தது. திரையில், கல்லீரலின் வலது கீழ்ப்பக்கத்தில், 6ஆம் செக்மென்ட்டில், ஒரு சிறிய கிளை தனியாக நிரம்பியது. மற்ற நாளங்களோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. வெட்டப்பட்டு, துண்டிக்கப்பட்டு, தனக்குரிய கல்லீரல் பகுதியின் பித்தத்தையெல்லாம் வெட்டுப்பரப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. ஜப்பானிய அறுவை மருத்துவர் நாகானோவும் குழுவினரும் கசிவை நான்கு வகையாகப் பிரித்தார்கள். அதில் டி வகை இதுதான், துண்டான நாளத்திலிருந்து வரும் கசிவு. நான்கில் மிகவும் தொல்லை தருவதும் இதுவே, ஏனென்றால் ஸ்டென்ட் இதை எட்டாது.

அன்று மாலையே அறுவைக்கு முன் எடுத்த எம்ஆர்சிபி (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ) படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 6ஆம் செக்மென்ட்டின் ஒரு கிளை, வழக்கமாகச் சேர வேண்டிய வலது பின்பகுதி நாளத்தில் சேராமல், முன்பகுதி நாளத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. நாங்கள் எடுத்த பகுதிக்குரிய நாளம் அது. வெட்டுக்கோடு அந்தக் கிளையைக் கடந்தே ஆக வேண்டும். படத்தில் அது இருந்தது, நான் பார்க்கவில்லை. தமனி, போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவருவது), கல்லீரல் சிரைகள் எல்லாவற்றையும் சிடி ஸ்கேனில் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்திருந்தேன். எம்ஆர்சிபியைக் கட்டியின் அருகே நாளம் விரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

அறுவையின்போது அந்த இடத்தில் என்ன செய்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. வலது பக்க வெட்டில், கீழே, ஒரு சின்ன வெண்ணிறக் குழாய் வந்தது. ரத்தம் வரவில்லை. எனர்ஜி டிவைஸால் சுட்டு மூடிவிட்டு அடுத்ததற்குப் போனேன். சூட்டில் ஒட்டிய வாய் நான்கு நாள் தாங்கியது, பிறகு பொருக்கு விட்டுத் திறந்துகொண்டது. சிஸ்டிக் நாளம் (பித்தப்பையின் நாளம்) வழியாகச் செய்த கசிவுச் சோதனை ஏன் எதையும் காட்டவில்லை என்றால், அந்தத் திரவம் மைய நாளத்தோடு தொடர்புள்ள கிளைகளுக்கு மட்டுமே போகும். துண்டான கிளைக்கு அது போகவே போகாது.

இவை எல்லாவற்றையும் அவரிடமும் அவர் மனைவியிடமும் படங்களைக் காட்டிச் சொன்னேன். என் கவனக்குறைவு என்பதையும் சொன்னேன். அவர் மனைவி வெகு நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "இதை எப்படி மூடுவீங்க டாக்டர்?" என்று கேட்டார். எளிதான வழி இல்லை. குடலோடு இணைத்துத் தைக்கலாம், ஆனால் நாளம் மிகச் சிறியது. அந்தப் பகுதியை மறுபடி வெட்டி எடுக்கலாம், ஆனால் கல்லீரல் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. அந்தப் பகுதிக்குப் போகும் போர்ட்டல் சிரைக் கிளையை அடைத்தால் அது சுருங்கிப் பித்தம் குறையும். அல்லது, மைய நாளத்தோடு தொடர்பே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அந்தக் கிளைக்குள் தூய ஆல்கஹால் செலுத்தி அதைச் செயலிழக்கச் செய்யலாம். கடைசி வழியைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. குழாயை எடுத்தபோது அறுவை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கீமோ அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அந்த நான்கு மாதங்களில் என் வேலைமுறை மாறிவிட்டது. மாறியதை எல்லாம் சொல்கிறேன்.

முதல் மாற்றம் படத்தில்தான். பித்தநாளங்களின் கிளைப்பு பாடப்புத்தகத்தில் இருப்பது போல எல்லாருக்கும் இருக்காது. வழக்கமான அமைப்பு ஏறத்தாழ பத்தில் ஆறு பேருக்குத்தான். வலது பின்பகுதி நாளம் இடது நாளத்தில் போய்ச் சேர்வது பத்தில் ஒருவருக்காவது இருக்கும். வலது முன், வலது பின், இடது மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதும் உண்டு. எனவே படத்தைப் பார்க்கும்போது "நாளம் விரிந்திருக்கிறதா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நான் வெட்டப்போகும் கோட்டை எந்த நாளம் கடக்கிறது, அது யாருடைய பித்தத்தைச் சுமக்கிறது" என்று கேட்கத் தொடங்கினேன். மீதம் வைக்கப்போகும் ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் அதன் நாளத்தை ஓரத்திலிருந்து நடுவரை விரலால் தொடர்ந்து போகிறேன். எங்காவது வழி தொலைந்தால், ரேடியாலஜி மருத்துவரோடு உட்கார்ந்து பார்த்த பிறகே அறுவைக்குத் தேதி.

அப்புறம் அதைப் பேனாவால் வெள்ளைத் தாளில் வரைகிறேன். மென்பொருள் முப்பரிமாணப் படம் தந்தாலும் வரைகிறேன். கை வரையும்போதுதான் தெரியாத இடம் எதுவென்று தெரிகிறது. கோடு எங்கே தயங்குகிறதோ அங்கே நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்தத் தாள் தியேட்டர் சுவரில் ஸ்கேன் திரைக்குப் பக்கத்தில் ஒட்டப்படும்.

இது பலன் தந்ததை ஓராண்டுக்குள் பார்த்தேன். இடது பாதிக் கல்லீரலை எடுக்க வேண்டிய ஒரு பெண். என்னிடம் பயிலும் இளம் மருத்துவரை வரையச் சொல்லியிருந்தேன். அவர் பாதி வரைந்துவிட்டு நிறுத்தினார். "சார், வலது பின்பகுதி நாளம் வலது பக்கம் சேரவே இல்லை. இடது நாளத்துக்குள்ள வந்து விழுது." பார்த்தேன், அவர் சொன்னது சரி. வழக்கம்போல இடது நாளத்தை அதன் வேருக்கு அருகே வெட்டியிருந்தால், வலதுபக்கத்தின் பின்பாதி முழுவதும் துண்டாகியிருக்கும். அன்று நாளத்தை மிகவும் இடப்புறம் தள்ளி, கல்லீரலின் இடது பாதியில் உள்ள தொப்புள் பிளவுக்கு அருகே, கல்லீரலுக்குள்ளேயே வெட்டினோம். இப்போது இடது பக்க அறுவை எல்லாவற்றிலும், படம் எதைச் சொன்னாலும், அங்கேதான் வெட்டுகிறேன். ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டுக்கொடுப்பதில் நமக்கு எந்த நட்டமும் இல்லை, கட்டி அங்கே இல்லாத வரை.

வலது முன்பகுதியை எடுக்கும்போது இதற்கு நேரெதிரான ஆபத்து ஒன்று உண்டு. பின்பகுதி நாளம் பெரும்பாலானோருக்கு முன்பகுதி போர்ட்டல் சிரையின் மேலே கொக்கி போல வளைந்து வருகிறது. ஸ்வீடன் உடற்கூற்றியலாளர் ஹ்யோர்ட்ஷோ 1951இல் விவரித்த வளைவு இது. முன்பகுதிக் கொத்தை (தமனி, போர்ட்டல் கிளை, நாளம் மூன்றும் சேர்ந்தது) வேரோடு ஒட்டி இறுக்கினால் அந்தக் கொக்கியும் பிடிபட்டுவிடும். கொஞ்சம் தள்ளித்தான் இறுக்க வேண்டும்.

யாருக்குக் கசிவு வர வாய்ப்பு அதிகம் என்பதும் முன்கூட்டியே ஓரளவு தெரியும். என் நோயாளியைப் போல நடுக் கல்லீரலை எடுத்தவர்கள், ஏனென்றால் அங்கே வெட்டுப்பரப்பு இரண்டு, அதோடு பெரிய கொத்துகள் திறந்தவெளியில் நிற்கும். 1ஆம் செக்மென்ட்டை எடுக்கும் அறுவை, இரண்டாம் முறையாகக் கல்லீரல் அறுவை, நாளத்தைக் குடலோடு இணைக்க வேண்டிய அறுவை, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்து நாளத்தில் தொற்று வந்தவர்கள். கட்டிக்காக முன்பே தமனி வழியாக மருந்து செலுத்தி ரத்தத்தை அடைக்கும் சிகிச்சை பெற்றவர்களையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். கல்லீரல் செல்களுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது, பெரும்பகுதி போர்ட்டல் சிரையிலிருந்து. பித்தநாளத்துக்குத் தமனி ஒன்றுதான் ஆதாரம். தமனி கெட்டால் முதலில் வாடுவது நாளம்.

இந்த ஒரு விஷயம் நினைவிலிருந்தால் அறுவையில் செய்யும் பல தவறுகள் தாமாகவே குறையும். நாளத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று சுற்றியிருக்கும் திசுவை எல்லாம் உரித்துவிட்டால், அதன் சுவரை ஒட்டி ஓடும் நுண்ணிய தமனிகள் போய்விடும். நாளம் அன்று பார்க்க அழகாக இருக்கும், பத்து நாள் கழித்து அழுகித் திறக்கும். குழாய்கள் கல்லீரலுக்குள் நுழையும் நடுவாசலுக்கு அருகே டயதெர்மி (மின்சாரத்தால் சுடும் கருவி) சூடும் அப்படித்தான். அங்கே கத்தரிக்கோலும் நூலும் போதும். ரத்தம் கசிந்தால் மெல்லிய தையல் போட்டு நிறுத்தலாம், இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தாலே பாதி நின்றுவிடும்.

வெட்டும்போது, எதை வெட்டுகிறேன் என்று ஒவ்வொரு குழாயிலும் கேட்டுக்கொள்கிறேன். கல்லீரல் சிரைக்கு உறை கிடையாது, மெல்லிய சுவர், நீலச் சாயல், தனியாக ஓடும். நாளமோ தமனியோடும் போர்ட்டல் கிளையோடும் சேர்ந்து ஒரு வெண்ணிற உறைக்குள் ஓடும். எனவே வெள்ளையாக, கொஞ்சம் விறைப்பாக ஒரு குழாய் வந்தால் உள்ளே நாளம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ரத்தம் வருகிறதா என்பது கேள்வியே இல்லை. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நான் நூலால் கட்டுகிறேன், அல்லது கரையக்கூடிய மெல்லிய ஒற்றையிழை நூலால் தைக்கிறேன், 5-0 அல்லது 6-0 அளவில். கரையாத முறுக்கிழை நூல் நாளத்துக்குள் தங்கினால் பின்னாளில் அதைச் சுற்றிக் கல் சேரும். உலோகக் கிளிப் சிறிய சிரைக்குப் பரவாயில்லை. உறையுள்ள கொத்தின் மீது போட்ட கிளிப், பிறகு காஸ் துணியால் துடைக்கும்போது கழன்று வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சூட்டுக் கருவிகளை நான் விட்டுவிடவில்லை. கல்லீரலின் மேற்பரப்பில் முதல் இரண்டு சென்டிமீட்டருக்கு அவை மிகவும் வசதி. ஆழத்தில், வெள்ளைக் குழாய் வரும் இடத்தில், கையில் எடுப்பதில்லை.

இதற்கெல்லாம் ரத்தமில்லாத பார்வை வேண்டும். ரத்தம் நிறைந்த வெட்டில் வெள்ளைக் குழாயைக் கண்டுபிடிக்க முடியாது, அவசரத்தில் ஆழமாக ஊசியைக் குத்தி ஒட்டுமொத்தமாக இறுக்குவோம். அப்படி இறுகிய திசு செத்து, அதன் நடுவில் இருந்த நாளம் ஒரு வாரம் கழித்துத் திறக்கும். ஸ்காட்லாந்தில் பணியாற்றிய மருத்துவர் பிரிங்கிள் 1908இல் சொன்ன முறையைத் தழுவி, கல்லீரலுக்குள் வரும் ரத்தத்தை 15 நிமிடம் நிறுத்தி 5 நிமிடம் விட்டு மாறி மாறி வெட்டுகிறோம். சிரைகளிலிருந்து பின்னோக்கி வரும் ரத்தத்துக்கு இது உதவாது, அதற்கு மயக்க மருத்துவர் மைய சிரை அழுத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய நாளே அவரோடு பேசிவிடுவது நல்லது. பித்தக் கசிவைத் தடுப்பதில் மயக்க மருத்துவருக்கும் பங்குண்டு என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் நிச்சயமாக உண்டு.

இனி சோதனைகள். பித்தப்பையை எடுத்த பிறகு சிஸ்டிக் நாளத்தின் முனையில் மெல்லிய குழாய் செருகி, பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொது நாளத்தின் கீழ்ப்பகுதியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரவத்தைச் செலுத்துகிறோம். எங்கே வெளிவருகிறதோ அங்கே ஓட்டை. வெறும் உப்புநீர் செலுத்தினால் ஈரமான வெட்டுப்பரப்பில் சிறு கசிவு கண்ணுக்குத் தெரியாது. மெத்திலீன் நீலம் நன்றாகத் தெரியும், ஆனால் ஒருமுறை கறை பட்டால் அவ்வளவுதான், இரண்டாவது தடவை எது புதுக் கசிவு எது பழைய கறை என்று பிரிக்க முடியாது. நான் பயன்படுத்துவது வெள்ளைச் சோதனை. சிரை வழி ஊட்டத்துக்குத் தரும் கொழுப்புப் பால்மத்தையே, கிருமி நீக்கிய நிலையில், 10 முதல் 30 மில்லி வரை செலுத்துவது. சிவப்புப் பரப்பில் வெள்ளைச் சொட்டு பளிச்சென்று தெரியும். தைத்துவிட்டு, கழுவிவிட்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். வேகமாக அழுத்திச் செலுத்தக் கூடாது. நல்ல நாளத்தையும் அந்த அழுத்தமே திறந்துவிடும். வெட்டுப்பரப்பை உப்புநீரில் மூழ்கடித்துக் காற்றைச் செலுத்திக் குமிழி பார்ப்பவர்களும் உண்டு. காற்று நாளங்களுக்குள் போவதை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம் என்பதால், எந்தப் பகுதிக்குக் காற்று போகவில்லை என்பதும் தெரியும். அது எனக்குப் பிடித்த குணம், துண்டான பகுதியைச் சந்தேகிக்க ஒரு வாய்ப்பு தருகிறது.

பித்தப்பை முன்பே எடுக்கப்பட்டவருக்கு இந்த வழி இல்லை. சோதனைக்காகப் பொது நாளத்தில் ஊசி குத்துவது, இல்லாத ஓட்டையை நாமே உண்டாக்குவது.

ஐசிஜி என்ற பச்சைச் சாயம் வேறு வகை. அதைச் சிரையில் செலுத்தினால் கல்லீரல் செல்கள் உறிஞ்சிப் பித்தத்தில் மட்டும் வெளியேற்றும். அகச்சிவப்புக் கேமராவில் பித்தம் ஒளிரும். மைய நாளம் வழியாகப் போகாமல் செல்களிலிருந்தே வருவதால், துண்டான கிளையின் பித்தமும் ஒளிர வேண்டும். இதுதான் மற்றச் சோதனைகளில் இல்லாதது. குறை என்னவென்றால் கல்லீரலும் சேர்ந்து ஒளிரும், வெட்டுப்பரப்பில் எது நாளம் எது திசு என்று பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, நான் ஒருபோதும் விடாத சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ரத்தத்தை நிறுத்தப் போட்ட கிளாம்ப் (இடுக்கி) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரத்தம் நின்ற பிறகு, புதிய வெள்ளைக் காஸ் துணியை வெட்டுப்பரப்பின் மீது விரித்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் காத்திருக்கிறோம். ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைத்திருந்த கல்லீரல் உடனே பழைய வேகத்தில் பித்தம் சுரப்பதில்லை. கிளாம்ப்பை எடுத்த அடுத்த நிமிடமே பார்த்துவிட்டு வயிற்றை மூடினால், சுரக்காத நாளத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டதாக ஆகும். பத்து நிமிடம் கழித்துத் துணியை உரித்து நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறோம். கடுகளவு மஞ்சள் இருந்தாலும் அந்த இடத்தைத் தேடித் தைத்துவிட்டு, புதுத் துணி, மறுபடி பத்து நிமிடம். ஆறு மணி நேரம் நின்று களைத்த குழுவுக்கு இந்தப் பத்து நிமிடம் கடினமானது. அதனால் அதை யார் விருப்பத்துக்கும் விடாமல், நேரத்தைச் சொல்லும் பொறுப்பை ஸ்க்ரப் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். "சார், இன்னும் நாலு நிமிஷம்" என்று அவர் சொன்னால் நான் ஊசியைக் கையில் வாங்க முடியாது.

துளை வழி அறுவையில் இன்னொன்று சேர்கிறது. வயிற்றை நிரப்பியிருக்கும் வாயுவின் அழுத்தம் சிறு கசிவுகளை அடக்கி வைக்கும். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, காத்திருந்து, பார்க்க வேண்டும்.

வெட்டுப்பரப்பில் பூசும் ஃபைப்ரின் பசையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். விலையுயர்ந்த பொருள், பூசினால் பரப்பு பளபளப்பாக, மூடியது போலத் தெரியும். 2007இலும் 2012இலும் வெளிவந்த, ஒவ்வொன்றிலும் 300 பேர் அளவில் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த இரண்டு ஆய்வுகளில் அது பித்தக் கசிவைக் குறைக்கவில்லை. நானும் நிறுத்திவிட்டேன். பசைக்கு அடியில் திறந்திருக்கும் நாளம் திறந்தே இருக்கிறது. பார்வைக்கு மறைந்துவிடுவதுதான் மிச்சம்.

வடிகுழாய் கசிவைத் தடுக்காது. வந்த கசிவை வெளியே கொண்டுவரும், அவ்வளவே. அதிக நாள் விட்டால் அது வழியாகவே கிருமி உள்ளே போகும். அதனால் சாதாரண அறுவைக்கு வைப்பதில்லை, முன்பு சொன்ன ஆபத்துள்ளவர்களுக்கு வைக்கிறேன். வைத்தால், மூன்றாம் நாள் நீரைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. சாதாரண வயிற்று நீரும் வைக்கோல் மஞ்சளாக இருந்து பயமுறுத்தும், ரத்தம் கலந்த பித்தம் வெறும் ரத்தம் போல ஏமாற்றும். பிலிருபின் அளவு சரியாக இருந்தால் அன்றே குழாயை எடுத்துவிடலாம். என் நோயாளியின் பையை மூன்றாம் நாள் நான் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, வெளிர் சிவப்பு என்று பார்த்ததோடு சரி.

கல்லீரல் தானம் செய்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நோயே இல்லாத ஒருவர், இன்னொருவருக்காகப் படுக்கிறார். அவர்களுக்கு வரும் சிக்கல்களில் பித்தக் கசிவு முன்வரிசையில் இருக்கிறது. அங்கே நாளத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்பதைத் தியேட்டரிலேயே சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் குறித்துக்கொண்ட பிறகே வெட்ட வேண்டும். பெறுபவருக்கு நீளமான நாளம் கிடைக்கட்டும் என்று தானம் தந்தவரின் பக்கம் நெருங்கி வெட்டக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு இப்போது ஒரு தாள் கொடுக்கிறோம். சூட்டினால் வாடிய திசு உதிர்வதும், ரத்தம் போகாத நாளம் திறப்பதும் வாரக் கணக்கில் கழித்து நடக்கலாம், அதற்குள் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் அதில் இருக்கும்: காய்ச்சல், குளிர் நடுக்கம், வலது தோள்பட்டையில் காரணமில்லாத வலி, நிற்காத விக்கல், வயிறு உப்புதல், கண்ணில் மஞ்சள், குழாய் எடுத்த இடத்தில் ஈரம். தோள்பட்டை வலியைப் படுத்த படுக்கையால் வந்தது என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். உதரவிதானத்துக்குக் கீழே பித்தம் தேங்கினால் அந்த வலி தோளில்தான் வரும். குடும்பத்தாரிடம் இதை வாயாலும் சொல்லி, அவர்களையே திருப்பிச் சொல்லவும் வைக்கிறேன். தாளின் மேலே மருத்துவமனை எண், கீழே வார்டு எண், இரவு எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்ற வரி. அதற்கும் கீழே அவருக்குச் செய்த அறுவையின் படம், சுவரில் ஒட்டியிருந்த அதே படத்தின் நகல், எந்த நாளம் எங்கே கட்டப்பட்டது என்ற குறிப்போடு. வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போக நேர்ந்தாலும், அங்கே பார்க்கும் மருத்துவருக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.